சர விளக்கை மாற்றிய கைகள்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி இருக்கும் மாக் மண்டினில் தீபாவளி வாசல் விளக்கு ஒரு தலைமுறைக்குள் முற்றாக மாறிவிட்டது. கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி சிவந்து எரியும் குட்டி பல்புச் சரம் போய், பிளாஸ்டிக் முனைக்குள் ஒளிரும் எல்.இ.டி. சரம் வந்திருக்கிறது. மலாய்க்காரர்கள் வைத்த பெயரிலேயே தமிழர்களும் லிப்-லாப் என்று அழைக்கும் இந்த விளக்கு ஏன் மாறியது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: கரண்டு மிச்சம். அதில் பொய் இல்லை. ஆனால் இந்த வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் காரணம் போதாது. வரலாற்றின் கனமான பகுதியை அது மறைத்தும் விடுகிறது. மாக் மண்டின் வாசலில் விளக்கு மாறிய கதையை மின் சிக்கனத்தின் கதையாக எழுதுவதைவிட உழைப்பின் கதையாக எழுதுவதே சரி என்பது என் வாதம். அந்த வாசலுக்கு மின்சாரம் வந்தது கூலி வேலையின் வழியாக. அங்கே தொங்கும் பொருள் மலிவானதிலும், இதே பினாங்கின் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்த பெண்களின் கண்ணுக்கும் விரலுக்கும் பங்கு உண்டு.

முதலில் கட்டணக் கணக்கைப் பார்த்துவிடலாம். நூறு குட்டி பல்புகள் கொண்ட பழைய சரம் ஏறத்தாழ 40 வாட் இழுக்கும். அதே நீளமுள்ள எல்.இ.டி. சரத்துக்கு 6 வாட் போதும். தீபாவளியை ஒட்டி முப்பது இரவுகள், இரவுக்கு ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் பழைய சரத்துக்கு 6 யூனிட், புதியதற்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. 2014இலிருந்து 2025 நடுப்பகுதி வரை நடப்பில் இருந்த, மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.8 சென். அந்த விலையில் ஒரு சரத்தை மாற்றியதால் ஒரு பண்டிகைக் காலம் முழுவதிலும் மிஞ்சுவது சுமார் 1 ரிங்கிட் 10 சென். குளிர்சாதனம் ஓடி, 300 யூனிட்டைத் தாண்டி, 51.6 சென் விலைக்குப் போய்விட்ட வீடாக இருந்தாலும் இரண்டரை ரிங்கிட்டைச் சற்றுத்தான் தாண்டும். நான்கு சரம் கட்டினாலும் ஒரு குடும்பம் முறுக்கு மாவுக்குச் செலவிடும் பணம்கூட அதில் தேறாது. போதாததற்கு, 2008 முதல் மாதக் கட்டணம் 20 ரிங்கிட்டுக்குள் இருந்த வீடுகளின் பில்லை அரசே ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட சிறிய வீட்டுக்கு மிச்சம் என்பதே பொருளற்ற சொல். ஒரு ரிங்கிட்டுக்காக ஊர் முழுக்க ஒரு பழக்கம் மாறிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோயில் கணக்கு வேறு. திருவிழாவுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் கட்டப்பட்ட வண்ணம் பூசிய பெரிய பல்புகள் ஒவ்வொன்றும் 15 வாட் என்றால், ஐம்பது பல்புக்கு 750 வாட். அதை ஒரு வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மின்னாக்கி வைத்து ஓட்டும் இடத்தில் டீசல் செலவும் இறங்கும். எனவே கரண்டு மிச்சம் என்ற வாதம் கோயில் மண்டபத்தில் பிறந்து வீட்டு வாசலுக்கு இரவலாக வந்தது என்றே எனக்குப் படுகிறது. மலேசிய அரசு குண்டு பல்பை 2014 ஜனவரிக்குள் விற்பனையிலிருந்து விலக்குவதாக எடுத்த முடிவும் அறைக்கு வெளிச்சம் தரும் பல்பை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது. வாசலில் தொங்கும் அலங்காரச் சரம் வேறொரு காரணத்தால் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காரணம் சரத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

பழைய சரத்தில் இரண்டரை வோல்ட் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கப்பட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் சுமார் 240 வோல்ட். அதைப் பங்கிட்டுத் தாங்க நூறு பல்பு தேவை. தொடரில் இருப்பதால் ஒரு பல்பு கழன்றாலும் நூறும் அணைந்துவிடும். கம்பி அறுந்தால் மின்சாரம் பக்கவழியாகப் போகட்டும் என்று ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு நுண்கம்பி சுற்றியிருப்பார்கள். அது வேலை செய்தால் சரம் அணையாது. ஆனால் இறந்த பல்பின் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறும். ஐந்தாறு பல்பு போனபின் மீதி உள்ளவை மேலும் சூடாகி, மேலும் வேகமாகப் போகும். மின்னி மின்னி அணைவதற்கு வைத்த ஏற்பாடும் இப்படித்தான் எளிமையானது: ஒரேயொரு பல்புக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய சிறு தகடு இருக்கும், சூடேறினால் வளைந்து தொடரை அறுக்கும், ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். அந்த ஒரு பல்பு நூறையும் கண் சிமிட்ட வைத்தது. மழை மிகுந்த அக்டோபர், நவம்பரில் வெளியே தொங்கும் இந்தச் சரத்தின் குழிகளில் ஈரம் ஏறிப் பச்சை பூக்கும். ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து எடுத்து, எரியவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பது பண்டிகைக்கு முந்தின வாரத்தின் வேலைகளில் ஒன்று. எல்.இ.டி. சரம் இந்த நோவைத் தீர்த்தது. அதில் சிவந்து எரிந்து அறுவதற்குக் கம்பி இல்லை, உடைவதற்குக் கண்ணாடி இல்லை, தொட்டால் சுடுவதில்லை. மக்கள் மாறியதன் முதல் காரணம் இந்த உறுதி. இரண்டாவது காரணம், அந்த உறுதி வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. எப்படி இறங்கியது என்ற கேள்விதான் நம்மைப் பினாங்கின் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போகிறது. அதற்கு முன், தொங்கவிட ஒரு வாசலும் செருக ஒரு பிளக் முனையும் இந்தக் குடும்பங்களுக்கு எப்போது கிடைத்தன என்று பார்க்க வேண்டும்.

மலாயாவில் மின்விளக்கின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. 1894இல் ராவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்து இயந்திரத்தையும் விளக்கையும் ஓட்டியவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும். பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளி ரதமும் அதே 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்வார்கள். ஆக, செல்வம் படைத்த தமிழரின் கையில் ஒளியும் ஊர்வலமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. ஜார்ஜ்டவுன் நகராட்சி 1904–05இல் சுங்கை பினாங்கு மின்நிலையத்திலிருந்து பொது மின்சாரம் தரத் தொடங்கியது. 1906இல் மின் டிராம் ஓடியது. எதிர்க்கரையில் பிறையில் 1920களில் நீராவி மின்நிலையம் வந்தது. ஆனால் அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட இந்தக் கரையில் வாழ்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் மின்கம்பத்துக்கு அருகில் வாழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கும், பிறகு ரப்பர் தோட்டத்துக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். லயத்து வீட்டின் வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கு. திருமணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் தீவட்டி, பின்னாளில் பெட்ரோமாக்ஸ். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தபோது தோட்டத்து லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டன; சில இடங்களில் வேலி ஓரம் விளக்குகள் எரிந்தன. உள்ளே இருப்பவர் பார்ப்பதற்காக எரிந்த விளக்குகள் அல்ல அவை. உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்காக எரிந்தவை. தோட்டத்து மின்சாரத்தின் வரலாறு இங்கிருந்து தொடங்குவதை நாம் மறக்கலாகாது. பின்னர் வந்த மின்னாக்கியும் பல தோட்டங்களில் அந்தி சாய்ந்தபின் சில மணி நேரமே ஓடியது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்தை 1990இல் புதிதாக எழுத வேண்டியிருந்தது என்பதே அதுவரை நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று. நிர்வாகம் விசையை அணைத்தால் இருண்டுபோகும் வீட்டில் அலங்கார விளக்குக்கு இடமேது?

தோட்டத்திலிருந்து மாக் மண்டினுக்கு வந்த பாதை துயரமானது. 1950களில் தொடங்கி ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்ற முயற்சியாக. அது பலரைக் காத்தது, எல்லோரையும் காக்கவில்லை. 1960களின் இறுதியில் வேலை அனுமதி விதி வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் மூட்டை கட்டினார்கள். எஞ்சியவர்கள் போன திசைகளில் ஒன்று பட்டர்வொர்த். ரயில்வேயும் துறைமுகமும் அங்கே ஏற்கெனவே தமிழரைச் சேர்த்திருந்தன. 1958இன் முன்னோடித் தொழில் சட்டத்தின் சலுகைகளை நம்பி 1960களின் தொடக்கத்தில் அமைந்த மாக் மண்டின் தொழிற்பேட்டை, பினாங்கு மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று. 1967இல் பிறையில் மலாயாவாத்தா எஃகு ஆலை வந்தது. ஆலையைச் சுற்றி வீடு, வீட்டைச் சுற்றித் தமிழ்ப்பள்ளி, கோயில் என்று ஒரு தொழிலாளர் ஊர் உருவாயிற்று. இங்கே வந்த குடும்பத்துக்கு முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு மின்மீட்டர் கிடைத்தது. தன் கூலியில் தானே கட்டும் பில், தானே போட்டுத் தானே அணைக்கும் விசை. வாசலில் கலர் லைட்டு தொங்கியதன் பொருள் இதில்தான் இருக்கிறது. அது ஆடம்பரம் என்று பெரியவர்கள் அன்று கடிந்திருக்கலாம். எனக்கு அது ஒரு விடுதலைப் பத்திரமாகவே தெரிகிறது.

இப்போது தீவுக்கு வருவோம். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கழுத்தை நெரித்தது. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவி, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வலயம் உருவானது. அங்கே முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் எட்டு சாமுராய்கள் என்று குறிப்பிடுவார்கள். இன்டெல் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அந்த எட்டில் இரண்டு நிறுவனங்கள் நம் கதைக்கு உரியவை: ஹியூலெட்-பக்கார்ட், லிட்ரானிக்ஸ். லிட்ரானிக்ஸின் தொழிலே எல்.இ.டி.தான், பின்னர் அது சீமென்ஸ் கைக்குப் போய், அந்த வழியில் ஓஸ்ராம் ஆனது. ஹியூலெட்-பக்கார்ட் 1960களின் இறுதியிலேயே எல்.இ.டி.யை விற்பனைப் பொருளாக்கிய நிறுவனங்களில் ஒன்று. பினாங்கில் கணினி நினைவகக் கோவைகளைக் கையால் பின்னத் தொடங்கி, பிறகு எல்.இ.டி. பொருத்துவதில் இறங்கியது. அந்தக் கிளைதான் பின்னாளில் அஜிலென்ட் என்றும் அவாகோ என்றும் பெயர் மாறியது; அஜிலென்டும் பிலிப்ஸும் சேர்ந்து 1999இல் தொடங்கிய லூமிலெட்ஸும் பினாங்கிலேயே ஆலை நடத்தியது. அதாவது, மாக் மண்டின் வாசலுக்கு எல்.இ.டி. சரம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கடலிடுக்குக்கு அந்தப் பக்கம் எல்.இ.டி. ஒரு அன்றாட வேலையாக இருந்தது.

அந்த வேலை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். உப்புக்கல் அளவே இருக்கும் குறைக்கடத்தித் துணுக்கை எடுத்து உலோகக் கிண்ணத்தில் ஒட்ட வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு நுனியைத் துணுக்கின் தலையிலும் மறு நுனியை உலோகக் காலிலும் பதிக்க வேண்டும். மேலே எப்பாக்சி ஊற்றிக் குமிழாக்க வேண்டும். பின் ஒவ்வொன்றையும் எரியவிட்டு, நிறத்துக்கும் ஒளிக்கும் ஏற்பப் பிரிக்க வேண்டும். 1970களில் இதில் பெரும்பகுதி கையாலும் கண்ணாலும் நடந்தது. நுண்ணோக்கிக்கு முன் எட்டு மணி நேரம், ஷிப்டு மாறி மாறி, பதினெட்டு இருபது வயதுப் பெண்கள். தீவையும் இக்கரையையும் இணைக்கும் பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரை இக்கரையிலிருந்து போனவர்கள் தொழிற்சாலை பஸ்ஸும் படகும் பிடித்துப் போய் வந்தார்கள். ரேச்சல் கிராஸ்மன் 1970களின் இறுதியில் எழுதிய ஆய்வு பினாங்குப் பெண்களின் இந்த வேலையையும் அதில் கண் கெடுவதையும் உலகுக்குச் சொன்னது. ஊரில் இவர்களுக்கு மினா காரான் என்று ஒரு பட்டப்பெயர், இழிவாகச் சொல்லப்பட்டது. மின்னணுத் தொழிலாளருக்குத் தேசிய அளவில் சங்கம் அமைக்க அரசு இடம் தரவில்லை. 1988இல் நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்து, தம்பி தங்கையைப் படிக்க வைத்து, மீட்டர் பில் கட்டிய இந்தப் பெண்களுக்கு ஊர் தந்த மரியாதை அவ்வளவுதான்.

அப்படியானால் அப்போதே ஏன் வாசலில் எல்.இ.டி. தொங்கவில்லை? நிறம் இல்லை என்பதுதான் காரணம். நிக் ஹோலன்யாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார், ஜார்ஜ் கிராஃபோர்ட் 1972இல் மஞ்சளைத் தந்தார். ஆனால் பிரகாசமான நீலமும் தூய பச்சையும் இருபது ஆண்டுகளுக்குக் கைக்கு எட்டவில்லை. கால்குலேட்டர் எண்ணுக்கும் ரேடியோவின் அடையாள விளக்குக்கும் சிவப்பு போதும், பண்டிகைக்குப் போதாது. ஜப்பானில் அகாசாகியும் அமானோவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு போராடியதன் தொடர்ச்சியாக, நிச்சியா நிறுவனத்தில் நகமுரா 1993இல் பிரகாசமான நீலத்தை வெளியிட்டார். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை வந்தது 1996இல். அதன்பின் அலங்கார விளக்கைத் தடுக்க எதுவும் இல்லை. இங்கே பண்டிகை விளக்குக்கு ஒரு தனிச் சாதகமும் இருந்தது. பழைய பல்பு முதலில் எல்லா நிறத்தையும் சேர்த்து எரித்து, வண்ணக் கண்ணாடியால் வேண்டாத நிறங்களை விழுங்கிவிடும். ஏற்கெனவே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகப் போகும் சக்தியில் மீந்ததையும் கண்ணாடி தின்றுவிடும். எல்.இ.டி. பச்சை என்றால் பச்சையை மட்டுமே பிறப்பிக்கும். அதனால்தான் கூடத்து விளக்கு மாறுவதற்கு முன்பே சாலைச் சந்திப்பின் சிக்னலும் வாசலின் அலங்காரச் சரமும் மாறின.

விலைக்கு வருவோம். ஹியூலெட்-பக்கார்டிலும் அஜிலென்டிலும் பணியாற்றிய ரோலண்ட் ஹைட்ஸ் 2000ஆம் ஆண்டில் ஒரு கணிப்பை முன்வைத்தார்: எல்.இ.டி. தரும் ஒளியின் விலை பத்தாண்டுக்கு ஒருமுறை பத்தில் ஒன்றாகக் குறையும், ஒரு பொதியிலிருந்து கிடைக்கும் ஒளி இருபது மடங்காகும். அது ஹைட்ஸ் விதி என்று பெயர்பெற்றது. அவர் பின்னோக்கிப் பார்த்து வரைந்த கோட்டின் பெரும்பகுதி 1970கள், 80களுக்கு உரியது. படிக அறிவியல் அந்தக் கோட்டை இறக்கியது என்று பாடநூல்கள் சொல்லும். உண்மை. ஆனால் துணுக்கை ஒட்டிக் கம்பி பதிக்கும் வேலை எங்கே, எந்தக் கூலியில் நடந்தது என்பதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நிறுவனங்கள் தம் நாட்டை விட்டுப் பினாங்குக்கு வந்ததே கூலிக்காகவும் வரிச் சலுகைக்காகவும். வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மலிவு மட்டுமா? பிழையில்லாமல் லட்சக்கணக்கில் செய்துகாட்டும் கைத்திறன் கிடைத்தது. அந்தத் திறனைப் பார்த்துப் பார்த்துத்தான் இயந்திரத்துக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். 1980களில் தானியங்கிக் கம்பி பதிப்பான்கள் வந்தன. 1985–86 பொருளாதாரச் சரிவில் பினாங்கு மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விலைக் கோடு இறங்கியதன் கீழே இவர்களின் பெயர்களும் இருக்கின்றன. எந்த விதியிலும் அவை எழுதப்படவில்லை.

இதற்கு நேரான மறுப்பு ஒன்று உண்டு: மாக் மண்டினில் விற்கும் லிப்-லாப் பெட்டியைத் திருப்பிப் பார், சீனாவில் செய்தது என்றிருக்கும், பினாங்கில் செய்த எல்.இ.டி. மோட்டார் வாகனத்துக்கும் கருவிகளுக்கும் போனது, உன் வாசலுக்கு வரவில்லை. மறுப்பு சரியானது, நானும் அந்தச் சரத்தில் தொங்கும் துணுக்கு பாயான் லெப்பாஸிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஒரு தொழில் ஓரிடத்தில் முதிர்ந்து இன்னோரிடத்தில் மலிவதுதான் வழக்கம். எல்.இ.டி.யை ஆய்வகப் பொருளிலிருந்து கோடிக்கணக்கில் எண்ணும் பொருளாக்கிய முதல் இருபது ஆண்டுகளில் பினாங்கு முன்னணியில் இருந்தது. அந்தச் செய்முறை கிழக்காசியா எங்கும் பரவியபின்தான் சீன ஆலைகள் அதைப் பண்டிகைச் சரத்துக்குக் கொண்டுபோயின. ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902 முதல் பட்டர்வொர்த் கரையில் ஈயம் உருக்கியது. பழைய பெரிய பல்பின் அடிப்பொட்டும், எல்.இ.டி. கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பும் ஈயப் பற்றில்தான் நிற்கின்றன. எந்தக் கட்டி எந்தச் சரத்துக்குப் போனது என்று எவரும் சொல்ல முடியாது. இந்தக் கரை வெளிச்சத்தை வாங்கி மட்டும் வைக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு மறுப்பு தமிழர் பக்கத்திலிருந்தே வரும். மின்னணு ஆலைகளில் அதிகமாக எடுக்கப்பட்டவர்கள் கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். மலேசிய அரசின் புதிய பொருளாதாரக் கொள்கையின் நோக்கமும் அதுவே. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. அப்படியிருக்க இதைத் தமிழர் வீட்டு விளக்கின் வரலாறாக எழுதலாமா? எழுதலாம் என்றே நினைக்கிறேன். தமிழர் மட்டும் செய்தது என்று எழுதாதவரை. தீபாவளிக்கு வாங்கிய சரம் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் தொங்குகிறது, சீனப் பெருநாளுக்கு அதே கடையில் சிவப்பாகக் கிடைக்கிறது, நோன்புப் பெருநாளுக்குப் பெலித்தா எனப்படும் எண்ணெய் விளக்கின் வடிவம் எடுக்கிறது. விளக்கைச் செய்த கைகளும் அப்படிக் கலந்தவையே. ஒரே பஸ்ஸில், ஒரே ஷிப்டில் இருந்தவர்களின் உழைப்பை இனம் பிரித்து எடைபோடுவது இந்த ஊரின் உண்மைக்குப் பொருந்தாது. அதே வேளை, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு ஏன் குறைவாக வேலை கிடைத்தது என்ற கேள்வியும் இந்த வரலாற்றுக்குள்ளேயே எழுப்பப்பட வேண்டியது. அதைத் தனியே ஒதுக்கினால் அது வெறும் புலம்பலாகச் சுருங்கிவிடும்.

மரபு போயிற்று என்ற குறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்.இ.டி. சரம் இடம் பிடித்தது பழைய மின்சரத்திடமிருந்து. அகல் விளக்கு பூசை அறையிலும் கார்த்திகை வாசலிலும் அப்படியேதான் எரிகிறது. தொடக்கத்தில் வந்த நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் குத்தியது என்பது நியாயமான குறை. இன்று மஞ்சள் வெள்ளை எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணம்தான் கவலை தருவது. சுவர் முனையில் நேரே செருகும் எல்.இ.டி. சரத்திலும் சுமார் 240 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. உறை கிழிந்து மழையில் நனைந்தால் ஆளைக் கொல்லும். சூடும் தீயும்தான் குறைந்திருக்கின்றன. மின் அதிர்ச்சியின் ஆபத்தைக் குறைப்பவை மின்மாற்றி வைத்த குறைந்த வோல்ட் சரம், சூரியத் தகட்டுச் சரம் ஆகியவை. இரண்டுமுனை பிளக் வைத்த, தர முத்திரை இல்லாத சரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் கட்டும் வீடு, பல்பை மாற்றியதால் பாதுகாப்பானது ஆகிவிடாது.

இழந்தது ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய சரத்தை வீட்டிலேயே சீர்செய்ய முடிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கும் தொடர் என்றால் என்ன, பக்கவழி என்றால் என்ன என்று அந்தச் சரம் கற்றுக்கொடுத்தது. எல்.இ.டி. சரத்தில் துணுக்கு உருகி ஒட்டப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. துணுக்கு பல ஆண்டு உழைக்கும் தகுதி உடையது. அதோடு சேர்த்துக் கட்டிய மலிவான கம்பியும் பெட்டியும் இரண்டு மழையைத் தாங்குவதில்லை. பினாங்கு 2016 ஜூன் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கிறது; செத்த சரமோ செம்பும் பிளாஸ்டிக்கும் பின்னிய நிலையில் பெரும்பாலும் பொதுக் குப்பையில்தான் விழுகிறது. ஒரு ரிங்கிட் மின்சாரத்தை மிச்சம்பிடித்து, நாற்பது ஆண்டு உழைப்பில் விளைந்த நுட்பத்தை இரண்டு பருவத்தில் எறிவதில் எந்தச் சிக்கனமும் இல்லை. கழற்றி மாற்றக்கூடிய பெட்டியோடு சரம் விற்க வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்பது நியாயம். தரமுத்திரை விதிகளில் அதைச் சேர்க்கச் சொல்லிப் பயனீட்டாளர் சங்கங்களும் கேட்கலாம்.

ஓஸ்ராம் 2017இல் பக்கத்து மாநிலத்துக் கூலிமில் எல்.இ.டி. துணுக்குகளையே செய்யும் பெரிய ஆலையைத் திறந்தது. தூசற்ற அறைகளில் பெரும்பாலான வேலையை இயந்திரம் செய்கிறது. 1972இல் பதினெட்டு வயதில் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்த பெண்ணுக்கு 2014இல் அறுபது நிறைந்தது. குண்டு பல்பு விற்பனையிலிருந்து விலக்கப்பட வேண்டிய ஆண்டு அது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் நீல எல்.இ.டி.க்காக இயற்பியல் நோபல் பெற்ற ஆண்டும் அதுவே. அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு நாளைக்கு எத்தனை துணுக்கு பதிக்க வேண்டியிருந்தது, கண் மங்கியபோது மேற்பார்வையாளர் என்ன சொன்னார், முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வந்தது, ஆட்குறைப்புக்குப் பின் எங்கே போனார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு இன்னும் சில ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. மாக் மண்டின், பிறை, பாகான் பகுதித் தமிழ்ப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். தேவை ஒரு கைப்பேசியும் ஆசிரியர் எழுதித் தரும் பத்துக் கேள்விகளும்.